வரிசைப் பையில் போன கிழங்கு

என் மனைவி ஸ்ரீமதிக்குப் பூந்தோட்டப் பைத்தியம் பிடித்தது போன ஐப்பசியில். சிதம்பரம் பைபாஸ் பக்கம் நாங்கள் கட்டிய வீட்டுக்கு முன்னால், காம்பவுண்டு சுவரை ஒட்டிப் பதினெட்டடி நீளம், ஐந்தடி அகலத்துக்கு மண் சும்மா கிடந்தது. ஷெட் போட்டு வண்டி நிறுத்தலாம் என்றிருந்தேன். அதற்குள் அவள் யூடியூபில் இங்கிலாந்துக் கிராமத்து வீடு ஒன்றைப் பார்த்துவிட்டாள். பாத்தி, வரிசை எதுவும் இல்லாமல் செடிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பூத்துக் கிடந்தன. ஒருமுறை வைத்தால் வருஷா வருஷம் பூக்கிற செடிதான் வேண்டும், சீசனுக்குச் சீசன் நாற்று வாங்குகிற வேலையே வேண்டாம் என்றாள். காட்டேஜ் ஸ்டைலாம்.

"சுவத்துக்கு இன்னும் பெயின்ட்டே அடிக்கல. மொதல்ல வீட்ட காட்டேஜ் ஆக்கு" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

எனக்குத் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை. அங்கே வந்து உட்கார்ந்து, கட்டம் போட்ட பெரிய தாள் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, ஒரு கட்டத்துக்கு ஒரு அடி என்று கணக்கு வைத்து வரைந்தாள். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். சுவரோரம் நந்தியாவட்டையும் செம்பருத்தியும். நடுவில் இட்லிப்பூ, கனகாம்பரம். காலடியில் நித்தியகல்யாணி. பின்மூலையில் கம்பிவலை கட்டி, அதில் ஏறச் செங்காந்தள். அந்த இடத்தில் மட்டும் சிவப்புப் பேனாவால் மூன்று வட்டம்.

செங்காந்தளுக்குக் கிழங்கு கொடுத்தது அவளோடு வேலை பார்க்கிற குறிஞ்சிப்பாடி தங்கம்மாள். அவர்கள் வேலியில் ஓடிய கொடி மார்கழியில் காய்ந்துபோக, தோண்டி எடுத்து மஞ்சப்பையில் போட்டுத் தந்திருந்தார். ஆடியில் நட்டால் போதும், அதுவரை காய்ந்த இடத்தில் இருக்கட்டும் என்றாராம். ஸ்ரீமதி பையை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "என்னங்க, இது கண்வலிக் கிழங்கு. வெசம். தொட்டா கையக் கழுவணும். கேக்குதா?" நான் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன். காதில் விழுந்தது குறிஞ்சிப்பாடியும் கிழங்கும் மட்டும்தான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போகிக்கு முந்தின நாள் அதே இடத்தில் இன்னொரு மஞ்சப்பை வந்து உட்கார்ந்தது. அது தங்கைக்குக் கொண்டுபோக வேண்டிய பொங்கல் வரிசைக் கிழங்கு.

என் தங்கை தமிழ்ச்செல்வியைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கொடுத்திருக்கிறோம். அப்பா அம்மா இல்லை, வரிசை நான்தான் கொண்டுபோக வேண்டும். போன வருஷம் கொண்டுபோனதில் பாதிக் கிழங்கு அழுகல். அவள் மாமியார் ராசம்மாள் அதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பிக் காட்டினார். தமிழ்ச்செல்வி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அந்தச் சூடு எனக்கு ஒரு வருஷமாக ஆறவில்லை. அதனால்தான் ஸ்ரீமதி இந்த முறை பொறுக்கிப் பொறுக்கிச் சிறுவள்ளிக் கிழங்கு வாங்கியிருந்தாள்.

போகியன்று அவசரத்தில் பையைத் தூக்கி, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்போடு வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். ராசம்மாள் கூடத்தில் வைத்தே பையைப் பிரித்தார். விரல் பருமனில், நடுவில் முட்டியாக மடங்கின கிழங்குகள்.

"இது என்ன கெழங்கு தம்பி? நான் பாத்ததே இல்லியே."

நானும்தான் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கை வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறிஞ்சிப்பாடி நாட்டுக் கெழங்கு அத்தை. இப்பல்லாம் கெடைக்கிறதே இல்ல. சொல்லி வெச்சு வாங்குனது" என்றேன்.

தமிழ்ச்செல்வியின் முகம் மலர்ந்தது. நானும் பெருமையோடு டீ குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பொங்கல். காலை பதினொரு மணி இருக்கும். கரும்பு எடுக்க மாடிப்படிக்கு அடியில் போன ஸ்ரீமதி அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, சிறுவள்ளி இங்கயே இருக்கு. நீங்க எத எடுத்துட்டுப் போனீங்க?"

வரிசைக்கு வந்த கிழங்கைப் பொங்கலன்று காலையிலேயே சமைத்துப் படையலில் வைத்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் சாப்பிட்டு முடிந்திருக்கும். எனக்கு அவசரத்தில் போனில் நம்பர் அகப்படவில்லை. ஸ்ரீமதிதான் போட்டுக் கொடுத்தாள். தங்கை போன் முழுசாக அடித்து நின்றது. மச்சான் சேரனின் போன் ஸ்விட்ச் ஆஃப். மறுபடி தங்கைக்கு. மறுபடியும் அடித்து நின்றது.

வண்டியை எடுத்தேன். முட்லூர் தாண்டினேன், புதுச்சத்திரம் தாண்டினேன். வழியெல்லாம் வாசலில் கோலம், பிள்ளைகள் கரும்போடு நிற்கிறார்கள். என் கண்ணில் அந்தக் கூடம் மட்டும்தான் தெரிந்தது. நாலு பேர். தங்கை, மச்சான், அத்தை, நாலு வயசுப் பாப்பா. நாலு இலை. யாராவது ஒருவர் போனை எடுக்கக்கூடாதா? எடுக்க முடியாமல் கிடக்கிறார்களா? சாமி பேர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பாப்பா கிழங்கு தின்னாது, பாப்பாவுக்குக் கிழங்கு பிடிக்காது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவளுக்கு என்ன பிடிக்கும், பிடிக்காது என்று எனக்கு எதுவும் தெரியாது.

செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனிகளின் மருந்து நெடி முகத்தில் அடித்தபோது போன் அடித்தது. ராசம்மாள்.

"தம்பி, போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, இப்பதான் எடுத்தேன். தமிழு காலையிலேருந்து வாந்தி. நிக்கவே முடியல அவளுக்கு."

"அத்தை, அது வெசக் கெழங்கு. தோட்டத்துக்கு வெச்சிருந்தது, நான் தெரியாம மாத்திக் கொண்டாந்துட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. பாப்பா? மச்சான்?"

ராசம்மாள் அழுகையோடு சொன்னார். "நாங்க யாரும் திங்கல தம்பி. வாயில வெச்சதும் ஒரே கசப்பு, துப்பிட்டோம். அவதான்..."

ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது தமிழ்ச்செல்வியின் உதடு வெளுத்திருந்தது. ஸ்ரீமதி அனுப்பிய செடியின் போட்டோவை டாக்டரிடம் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்குன்னு மாத்து மருந்து கெடையாதுங்க. உடம்புதான் தாங்கணும். எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு கரெக்டா சொல்லுங்க."

"ரெண்டு துண்டு சார்" என்றாள் தமிழ்ச்செல்வி.

"பொய் சொல்றா சார்" என்றார் ராசம்மாள். "கசக்குது, கொட்டிடுன்னேன். எங்க அண்ணன் சொல்லி வெச்சு வாங்குனது, கொட்ட மாட்டேன்னு நாலு பேரு பங்கையும் இவளே தின்னுட்டா. குண்டான் காலி சார்."

டாக்டர் எதையோ எழுதிவிட்டு நர்சைக் கூப்பிட்டு ஓடினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். மூன்று நாள் தாண்டட்டும், அதற்கு முன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

அந்த மூன்று நாளும் ஐசியூ கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பயம், கூப்பிடாவிட்டாலும் பயம். சேரன் மச்சான் என் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "தோட்ட ப்ளான கிழிச்சுப் போட்டுட்டேங்க" என்று ஸ்ரீமதி போனில் அழுதாள். அவள் மேல் என்ன தப்பு? சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் சொன்னாள். நான்தான் காதை மூடிக்கொண்டு வாயைத் திறந்தவன்.

இரண்டாம் நாள் ரத்த அணுக்கள் இறங்கின. மூன்றாம் நாள் இன்னும் இறங்கின. ஐந்தாம் நாள் மெல்ல ஏறத் தொடங்கின. ஏழாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். பிழைத்துவிட்டாள், முடி கொட்டும், பிறகு முளைத்துவிடும் என்றார் டாக்டர். வராந்தாவில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் ராசம்மாள் டீ வாங்கப் போன நேரத்தில் தமிழ்ச்செல்வியின் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"அவ்ளோ கசப்ப எப்பிடி தமிழு முழுங்குன? துப்பித் தொலைக்க வேண்டியதுதான?"

வார்டில் எங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கசக்கல்லாம் இல்லண்ணா. நல்லாத்தான் இருந்துச்சு."

அடுத்த தைக்கும் நான் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இவள் தின்பாள்.