குணம் என்ற கட்டம்

டாக்டரம்மாவின் நாய் ஆஸ்பத்திரியில் ஒரு சொல்லுக்குத் தடை உண்டு: குறட்டை. சப்பைமூக்கு நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒருவர் விடாமல் சிரித்துக்கொண்டே அதைத்தான் சொல்வார்கள். "குறட்டை விடுவான் டாக்டர், எங்க மாமனார் மாதிரியே." மாமனாராவது தூங்கும்போது விடுகிறார், இது முழித்துக்கொண்டே விடுகிறதே, இது குறட்டை இல்லை, காற்று கிடைக்காத திண்டாட்டம் என்று பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது. ஒருநாள் ஆத்திரத்தில், இங்கே அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று எழுதிக் கதவில் ஒட்டினாள். அதைப் படித்துவிட்டும் சிரித்தார்கள்.

அன்று காலை வந்த பஸ் டிரைவர் சிரிக்கவில்லை. டியூட்டிக்குப் போகிற வழியில் யூனிஃபார்மோடு வந்திருந்தார். கைத்துண்டில் சுற்றியிருந்த குட்டியை மேஜையில் இறக்கினார். பத்து வாரக் குட்டி. மூக்குத் துவாரம் இரண்டும் நகத்தால் கீறிய கோடு அளவுக்குத்தான் இருந்தன. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

"சாப்பிட வாயை வெச்சா மூச்சு நின்னுடுது டாக்டர். மூச்சு விட்டா சாப்பாடு கீழ விழுந்துடுது. ரெண்டுல ஒண்ணுதான் பண்ண முடியுது இதால."

குட்டியை ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்து, நாக்கு சிவக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். டிரைவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன டாக்டர், தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க அக்கா வீட்டுலதான். உங்க கையெழுத்தப் பாத்துதானே வாங்கினோம்."

போனில் ஒரு படத்தைக் காட்டினார். அவள் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டேதான். அந்தச் சீட்டின் அடியில் மூன்று கட்டங்கள் அச்சடித்திருக்கும்: குணம், சுமார், மரணம். குணம் என்ற கட்டத்தில் அவள் டிக் அடித்து, பக்கத்தில் தன் கையாலேயே எழுதியிருந்தாள்: மூச்சு சீராக உள்ளது, ஓட்டமும் தூக்கமும் நன்று. கீழே கையெழுத்து. என்ன ஆபரேஷன், எதற்காகச் செய்தது என்ற மேல்பாதி படத்தில் இல்லை.

"குணம், மூச்சு சீராக உள்ளது," என்று டிரைவர் வாசித்துக் காட்டினார். "தாயோட குணம் இப்படின்னா குட்டிக்கும் அதானே வரும்னு நம்பினோம்."

குணமாகிவிட்டது என்றுதான் அவள் டிக் அடித்தது. இவர் படித்திருப்பது பிறவிக் குணத்தை. இத்தனை வருஷம் அந்தக் கட்டத்தைத் தாண்டித் தாண்டிப் போனவளுக்கு, அதை இப்படியும் படிக்கலாம் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்கிறதா? அக்கா புருஷனுக்குத் தோன்றியிருக்கிறது.

அத்தான் வீட்டுப் பின்கட்டில் நான்கு பெண் நாய்களை வைத்துக் குட்டி போடவிட்டு விற்கிறார். அதில் முதல் மரியாதை இந்தக் குட்டியின் தாய் சீமாட்டிக்கு. போன வருஷம் அவள் வாசல்படி ஏறும்போதெல்லாம் மயங்கி விழுந்தாள். மனசு கேட்காமல் டாக்டரம்மாதான் அவள் மூக்கைத் திறந்துவிட்டு, தொண்டையில் தொங்கிய சதையையும் நறுக்கிவிட்டாள். வீட்டு நாயாயிற்றே என்று செய்த காரியம். அதுதான் இப்போது விளம்பரமாகி ஊர் சுற்றுகிறது.

குட்டியை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு டிரைவரை அனுப்பிவிட்டு, மத்தியானம் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சீமாட்டி அவள் கணுக்காலில் தாடையை முட்டுக்கொடுத்துப் படுத்திருந்தாள். கழுத்து நிமிர்ந்திருந்தால்தான் அவளுக்குக் காற்று இறங்கும். அக்காவின் கால் மரத்துப்போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், ஆனாலும் அசைக்கவில்லை.

"அந்தச் சீட்டக் குடுங்க அத்தான்," என்றாள் டாக்டரம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அத்தான் பதறுகிற ஆள் இல்லை. "வா டாக்டரம்மா, உக்காரு. எந்தச் சீட்டு?"

"பாதிய வெட்டிட்டு ஊருக்கெல்லாம் அனுப்பறீங்களே, அது."

"அதுல என்ன பொய் இருக்கு? உன் எழுத்துதானே?"

"குணம்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம். நோய் இருந்துது, அறுத்தேன், தேறினா. பொறவிக் குணம்னு நான் எங்க எழுதினேன்?"

"நான் மட்டும் எங்க சொன்னேன்? படிக்கறவங்க அப்படிப் புரிஞ்சுக்கிட்டா அதுக்கு நானா பொறுப்பு? இப்ப இவ நல்லா இருக்காளா இல்லையா? நல்லா இருக்கற நாய்தானே குட்டி போடணும்?"

"நான் மூக்கத்தான் அறுத்தேன் அத்தான், ரத்தத்தை இல்ல. நீங்க லேசர் வெச்சு கண்ணைச் சரி பண்ணிக்கிட்டீங்க. அதுக்கப்புறம் பொறந்தவதானே உங்க பொண்ணு? ஆறு வயசுல சோடாபுட்டி போட்டாளா இல்லையா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தானும் சிரித்தார். அவரிடம் இதுதான் தொல்லை. சண்டைக்கு வருகிறவளுக்குச் சண்டை போட ஆள் கிடைக்காது. "சரி, ஒத்துக்கறேன். குட்டிங்களுக்கும் நீயே மூக்கத் தொறந்து விட்டுடேன். வாங்கறவங்ககிட்ட சொல்லித்தான் குடுக்கறேன், ஆபரேஷனுக்கு நம்ம வீட்லயே டாக்டர் இருக்குன்னு."

பஞ்சரான டயரை விற்று, கூடவே பஞ்சர் ஒட்டுகிறவன் கடையையும் காட்டிவிடுகிற வியாபாரம். அந்தக் கடை தானேதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் காது சூடேறியது.

"இவள இனிமே சேத்து விடாதீங்க. கர்ப்பப்பைய நான் எடுத்துடறேன்."

"வியாழக்கிழமை ஆண் நாய் வருதே. இந்த ஒரு தடவை மட்டும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க!" கத்திவிட்டாள். சீமாட்டி தலையைத் தூக்கினாள்; தூக்கிய வேகத்துக்கே இளைத்தது. "குட்டி தலை பெருசு, இவ இடுப்பு குறுகல். தானாப் பெக்க முடியாது. ரெண்டு தடவை வயித்தக் கிழிச்சுட்டேன். மூணாவது தடவை நான் கத்தியத் தொடமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அத்தான் அவளைப் பிரியமாகப் பார்த்தார். ஏளனமாகப் பார்த்திருந்தால் தேவலை. "நீயா? நாலஞ்சு குட்டி வயித்துல மாட்டிக்கிட்டு இவ துடிச்சா, நீ கையக் கட்டிக்கிட்டு நிப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா நறுக்கிய வெங்காயத்தையே மறுபடியும் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டிஸ்சார்ஜ் சீட்டுக் கட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, குணம் என்பதை ஒவ்வொரு தாளிலும் அடித்துவிட்டு, "சிகிச்சையால் தேறியது, நோய் குட்டிக்கும் வரலாம்" என்று எழுத ஆரம்பித்தாள். கம்பவுண்டர் ஒரு கட்டு முடிகிறவரை பொறுத்துப் பார்த்தார்.

"மேடம், கால் ஒடிஞ்ச பூனைக்கும் இதேவா?"

"கிளிக்கும் இதேதான்!"

அவர் அடுத்த கட்டைப் பிரித்து நீட்டினார். கை கடுக்க எழுதியும் அவள் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் படம் எத்தனை போனில் உட்கார்ந்திருக்கிறதோ, அதையெல்லாம் எந்தப் பேனாவால் அடிப்பது? சாயங்காலம் குட்டியைப் பார்க்க வந்த டிரைவரிடம் விஷயத்தை மூடி மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டியிருக்கலாம். "அப்ப இதுக்கு எப்ப டாக்டர் மூக்கத் தொறப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் வளரட்டும், நானே செய்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். அத்தான் பக்கத்து அறையில் இருக்கிறார் போலிருக்கிறது.

"நேத்து சேத்தாச்சுடி."

டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் விரல் தானாகச் சுவர்க் காலண்டருக்குப் போய்விட்டது. நாய்க்குக் கர்ப்பம் அறுபத்து மூன்று நாள். ஒரு தாளைத் திருப்பி, இன்னொரு தாளைத் திருப்பி எண்ணினாள். புருஷனும் மகளும் மூன்று மாசமாகப் பேசிப் பேசித் திட்டம் போட்டிருக்கும் கடற்கரைப் பயணத்தின் நடுவில் போய் நின்றது அந்தத் தேதி.

"நீ நிஜமாவே பண்ண மாட்டியா?" என்றாள் அக்கா. "இவரு அந்த இன்னொரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன்கிறாரு. பக்கத்து வீட்டு நாய் அந்தாள் மேஜையிலயே போச்சுடி. எனக்குப் பயமா இருக்கு."

"வயித்தக் கிழிக்கறப்பவே கர்ப்பப்பையயும் எடுக்க அத்தான் கையெழுத்துப் போடுவாரா?"

"போட மாட்டாரு."

கையெழுத்து இல்லாமல் எடுத்தால் அவள் டாக்டர் இல்லை, திருடி. எடுக்காமல் தைத்து அனுப்பினால் நாலாவது தடவை வரும். கத்தியையே தொடாமல் இருந்தால் சாகப்போவது அத்தான் இல்லை. அத்தானின் தொழிலுக்கு முதல் போட்டது அவரில்லை, தான்தான் என்று நினைத்தாள். போட்டது கையெழுத்துகூட இல்லை, மனசு. அந்த மனசைக் கழற்றி எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனைச் சுவரில் அறைய வேண்டும்போல இருந்தது.

"என்னடி, இருக்கியா?"

காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

"அன்னைக்குக் காலையில அவளுக்கு ஒண்ணும் சாப்பிடக் குடுக்காதேக்கா," என்றாள்.