பேச்சாயி வீட்டு முன்சுவர்

பேச்சாயி எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டாள். நான் எழுத வேண்டிய சுவரில், சரியாக எழுத்து வர வேண்டிய இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணிக்கே மார்ச் வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் கோடு அடிக்கச் சாக்பீஸ் தடவிய நூல், காலடியில் பெயிண்ட் டப்பாக்கள். கேனையன் மாதிரி நின்றேன்.

சாணார்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தக் காலனியில் இருபத்திரண்டு தொகுப்பு வீடுகள். அதற்கும் இருபது வருஷத்துக்கு முன் அரசாங்கம் கட்டிக் கொடுத்தவை. காரை உதிர்ந்து கம்பி தெரிகிற அந்த வீடுகளைச் சரிசெய்ய 2004இல் பணம் வந்திருந்தது. உள்கூரையைக் கொத்தி, கம்பியில் துருவைத் தேய்த்து, புதிதாகப் பூசி, மேலே தளத்தில் ஓடு பதிக்க வேண்டும். கான்ட்ராக்டர் மதியழகன் செய்தது முன்சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு. மற்ற மூன்று சுவருக்குக்கூட இல்லை, போட்டோவில் விழுகிற சுவருக்கு மட்டும். அதன்மேல் நான் நீலக் கட்டம் கட்டி, மஞ்சள் எழுத்தில் திட்டத்தின் பெயர், பயனாளியின் பெயர், 'பழுது நீக்கப்பட்டது', வருஷம் எல்லாம் எழுத வேண்டும். பக்கத்தில் வீட்டுக்காரரை நிறுத்தி மதியழகன் போட்டோ எடுப்பான். முப்பத்தொன்றாம் தேதிக்குள் எல்லாப் போட்டோவும் ஃபைலில் ஏறிவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு. அப்புறம் பத்து வருஷத்துக்கு அந்த வீட்டுக்காக யாரும் மனுக் கொடுக்க முடியாது. இதையும் அவனே என்னிடம் சொன்னான், பெருமையாக.

இருபத்தோரு வீட்டில் எழுதி முடித்திருந்தேன். நெஞ்சறிந்துதான் எழுதினேன். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் பிராங்க்ளின் என்றால் சுவர் எழுத்துக்கு நாலு பேர் என்னைக் கை காட்டுவார்கள். கட்சிக்காரன் சொன்னாலும் ஜவுளிக்கடைக்காரன் சொன்னாலும் சொன்னதை எழுதுவேன். உண்மையா பொய்யா என்று பார்ப்பது என் வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்போது அதை நினைத்தாலே வாய் கசக்கிறது.

"அக்கா, செத்த நேரம் எந்திரிச்சு உள்ள போயி இருங்க. ஒரு மணி நேரத்துல முடிச்சிருவேன்."

"எழுதிட்டா அப்பறம் மனு வாங்குவாங்களா அப்பு?"

நான் நூலை விரலில் சுற்றினேன். அவள் தட்டுகிற கையை நிறுத்தவில்லை. "உள்ள போயி மேல பாரு. பாத்துட்டு வந்து, எழுதலாம்னு ஒனக்கே தோணுச்சுன்னா சொல்லு. எந்திரிச்சுக்கறேன்."

போயிருக்கக் கூடாது. மற்ற இருபத்தோரு வீட்டுக்குள்ளும் நான் எட்டிப் பார்த்ததில்லை, அது ஒரு வசதி. வெயிலிலிருந்து உள்ளே போனதும் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகிய பிறகு மேலே பார்த்தேன். நடுக்கூரையில் பாதிக்குக் காரையே கிடையாது. கம்பிகள் மீன் முள் மாதிரி துருவேறித் தொங்கின. அதற்கு நேர் கீழே ஒரு மரக்கட்டில், அதன்மேல் நாலைந்து கோணிச்சாக்கு மடித்துப் போட்டிருந்தது. சாக்கு முழுக்கச் சிமெண்டுப் பொடி. கட்டிலில் யாரும் இல்லை. கீழே பாய் விரித்து ஒரு ஆறு வயசுப் பெண் படுத்திருந்தது. காய்ச்சல் போல, கண் சிவந்திருந்தது.

"ஏன் பாப்பா கட்டிலுக்கு அடியில படுத்திருக்க?"

"மேல படுத்தா விழும்ல," என்றது, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. பாயில் மூன்று தலையணைகள் இருந்தன. மூன்று பிள்ளைகளும் அங்கேதான் படுக்கின்றன.

வெளியே வந்தேன். பைக்கை நிறுத்திவிட்டு மதியழகன் நின்றிருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கழுத்தில் கேமரா.

"என்ன பிராங்க்ளினு, இன்னும் நூலே அடிக்கலையா?"

"உள்ள போயிப் பாருங்க சார். பிள்ளைக கட்டிலுக்கு அடியில படுக்குதுக."

"கட்டிலாவது இருக்கே," என்று சிரித்தான். த்தூ. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது. ஆனாலும் நான் சார் போட்டுத்தான் பேசினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் பேச்சாயியிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "இருவத்திரெண்டு வீடும் முடிஞ்சாத்தான் ஆளுக்கு ரெண்டு மூட சிமெண்ட் தாரேன்னு சொல்லியிருந்தேன். இந்தம்மா முடிக்க விட மாட்டேங்குது. நான் கெளம்புறேன்."

அவ்வளவுதான். நேற்றுவரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். பக்கத்து வீட்டு அமலராணிதான் முதலில் ஆரம்பித்தாள். "ஒன் வீட்டுல மட்டுந்தான் காரை விழுகுதா? எங்களுக்கென்ன பூவா விழுகுது? நாங்க விடலையா?"

"ரெண்டு மூட சிமெண்டுல கூரை நிக்குமா ராணி?" என்றாள் பேச்சாயி. "இன்னைக்கு விட்டா நம்ம பிள்ளைக வளந்து முடியிற வரைக்கும் இந்தக் கூரைதான்."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ போய்ச் சொல்லி அவள் புருஷன் கருப்பணன் வந்துவிட்டான். மதியழகனைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். நேரே வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். "எந்திரிடி. ஊர் நடுவுல மானத்த வாங்காத." முறம் கவிழ்ந்து புளி மண்ணில் கொட்டியது. குனிந்து எடுக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை, எனக்கும்தான்.

அவள் எழுந்து தள்ளி நின்றாள். நூல் அடிக்க மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கருப்பணனே பிடித்தான், நான் சொல்லாமலே. கோடு பிசகாமல் விழுந்தது. நான் எழுதினேன். நடுவில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. பேச்சாயி என்கிற பெயரை மற்ற எல்லாப் பெயரையும்விட அழகாக எழுதினேன். அதை நினைத்துத்தான் என்மேலேயே எனக்கு அருவருப்பு. அந்தக் கேடுகெட்ட வேலையிலும் கை தன் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ம், வந்து நில்லும்மா," என்றான் மதியழகன்.

அவள் உள்ளே போனாள். சேலை மாற்றப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். இடுப்பில் ஒரு காரைக் கட்டியை அணைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் துருக்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் வந்து நேராக நின்றாள்.

"அதக் கீழ போடும்மா."

"பெரியவன் மண்டையில விழுந்தது இது. நாலு தையலு. இதோட எடுங்க."

மதியழகனுக்கு முகம் மாறவே இல்லை. "சரி, கழுத்துக்கு மேல எடுத்துக்கறேன்," என்று கேமராவைக் கண்ணில் வைத்தான். கொஞ்சம் முன்னே வந்தான், பின்னே போனான். "எழுத்து முழுசா விழுக மாட்டேங்குதே. பிராங்க்ளினு, அத வாங்குப்பா."

வாங்கப் போனேன். மல்லுக்கு நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டாள். பயங்கரக் கனம். காயாத நீலமும் மஞ்சளும் என் கையிலிருந்து அதில் ஒட்டின. கேமராவில் விழாமல் ஒதுங்கி நின்றேன். அவன் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டான்.

"எங்கக்கா வைக்க?" என்று கேட்டேன்.

"ஒன்னோடயே கொண்டு போ. இந்த வீட்டுல பழுதே இல்லைன்னு நீதான எழுதிருக்க."

என் டிவிஎஸ் ஐம்பதில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே கால் வைக்கிற இடத்தில் அதை வைத்துக்கொண்டு கிளம்பினேன். சாணார்பட்டிக்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். இறங்கி, அதைத் தூக்கிப் போடக் குனிந்து, போடாமலே மறுபடியும் ஏறிக்கொண்டேன். அப்புறம் ஒரு குப்பைமேட்டில் நிறுத்தினேன். ஒரு புளியந்தோப்பு ஓரத்தில் நிறுத்தினேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டே வந்துவிட்டது. ஹாரன்களுக்கு நடுவில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன். துருக்கம்பி என் கெண்டைக்காலைக் கீறி லேசாக ரத்தம் வந்துகொண்டிருந்தது.