மூன்று பையும் ஒரே நிறம்

"ராத்தா, தூங்கிட்டீங்களா?" என்று றிப்னா அக்காவை மெல்ல உலுக்கினாள்.

உக்குவளைக்குப் பக்கத்துப் பொஸ்பேட் கல் முற்றத்தில் அவளுக்குப் பரிசோதனைக்குக் கல் மாதிரி எடுக்கும் வேலை. சத்துக் குறைந்த சாம்பல் கல்லும் சத்துள்ள சிவப்புக் கல்லும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படை படையாகக் குவிந்திருக்கும். உச்சி, நடு, அடி என மூன்று பை அள்ள வேண்டும்.

"குவியல்ல ஏறப் பயந்து மூணையும் அடியில இருந்த சாம்பல் கல்லுலயே அள்ளிட்டேன். உச்சி, நடுன்னு பொய்யா எழுதினேன்."

"மாமரத்துல மட்டும் குரங்கு மாதிரி ஏறுவியே. சரி, அதுக்கென்ன?"

"சத்துக் காணாதுன்னு ரிப்போட் வந்திருச்சு. கலவை பிழைன்னு மகாலிங்கம் அங்கிள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க."

குவியலில் கல்லைப் படை படையாகப் பரப்பும் மெஷினை ஓட்டுபவர் அவர். பைகளைப் பார்த்தவர், "மூணும் ஒரே நிறமா இருக்கே, மகள்," என்றதோடு சரி. அவளை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

"நாளைக்குப் போய்ச் சொல்லு."

"என் வேலை போயிடுமே, ராத்தா."

"இப்ப போனது அவர்ட வேலை."

விடிந்ததும் றிப்னா நாலுகாலில் தவழ்ந்து குவியலில் ஏறினாள். உச்சியில் அள்ளிய பை செக்கச்செவேலென்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்கு நடந்தாள்.