நாலாம் லைன்

ஹட்டன் மண்டபத்தில் ஒரு அந்திப்பொழுதின் விலை பதினெட்டாயிரம் ரூபாய். வெளியே மலைக்குப் பின்னால் தினமும் சும்மா கிடைப்பதுதான். ஆனால் மேடையில் வெளிச்சத்தை மெல்ல இறக்கி அதைக் கொண்டுவர டிம்மர் மொடியுல் வேண்டும். அந்தி இறங்குகிற நேரம் பார்த்து நாலாம் மின்லைனின் மொடியுல் 'டப்' என்று எரிந்துபோகும். இதுவரை ஆறு.

"ஏழாவதும் போச்சுன்னா டிம்மர் பெட்டியக் கழட்டி பழைய இரும்புக்குப் போட்டுருவேன் கிளைவ்," என்றார் மண்டபச் சங்கத் தலைவர் முத்துலிங்கம். பஜாரில் புடவைக் கடைக்காரர். "ரெண்டு எல்இடி போதும். சுவிச்சப் போட மண்டபம் கூட்டுற வீரம்மா இருக்கு."

அதாவது லைட் போடும் கிளைவ் வேண்டியதில்லை. மனைவி மெரினா குவைத்துக்குப் போய் ஆறு வருடம். ஞாயிறு காலையில் ஏழு நிமிடம் போன் பேசுவாள், அதில் மூன்று நிமிடம் "ஹலோ, கேக்குதா?" மற்றபடி அவனுக்கு மனிதர்கள் என்றால் மேலே லைட் போடும் கண்ணாடி அறைக்கு அந்தப்பக்கம் வெளிச்சத்தில் நடமாடுகிறவர்கள்தான். அந்த அறையும் போனால் அதுவும் இல்லை.

வாரம் முழுக்கச் சோதித்தான். மொடியுலை இடம் மாற்றிப் பார்த்தான். பனி ஈரமோ என்று பெட்டிக்குள் குண்டு பல்ப் எரியவிட்டான். காலி நாற்காலிகளுக்கு நூறு தடவை அந்தியை இறக்கிக் காட்டினான். ஒன்றும் எரியவில்லை. அவன் தனியாக இருந்தால் எதுவும் பழுதாவதில்லை. ஆள் வந்தால்தான் வினை.

அப்படியானால் ஆட்கள் வரும்போது கூட என்ன வருகிறது?

ஞாயிறு மூன்று மணிக்கு வட்டவளை ஊர்க்காரர்களின் நாடகம். அரை மணி நேரம் முன்பு அறையை விட்டு இறங்கி, நாலாம் லைன் போகும் வழியே நடந்தான். அது மேடையின் இடது மூலையில் முடிந்தது. அங்கே வீரம்மா சாமி படத்துக்கு மாலை போட்டு, படத்தின் பிளக்கைச் சுவர் சொக்கெட்டில் குத்தினாள். முருகன் தலைக்குப் பின்னால் பல்புச் சக்கரம் சுற்றியது. உள்ளே மோட்டர். முழு வெளிச்சத்தில் சுகமாக ஓடும்; மின்சாரத்தை மங்கவைத்தால் முரண்டுபிடித்து மொடியுலைத் திருப்பி உதைக்கும். நாடக நாளில் மட்டும் எரிகிற சாமி.

"இந்த சொக்கெட்டுலயா எப்பவும் குத்துவீங்க?"

"ஆமாண்ணே. நீங்கதான் இந்தப் பக்கமே வரமாட்டீங்களே. சர்ச்சுக்குப் போற வேதக்காரரு, எங்க சாமி ஆகாதுன்னு நெனச்சோம்."

"ஐயோ, செருப்புக் காலோட வரக்கூடாதுன்னுல்ல ஒதுங்கி இருந்தேன்!"

"பதினோரு வருசமாவா? செருப்பக் கழட்டிட்டு வந்திருக்கலாமே!" சிரித்தவள், விஷயத்தைக் கேட்டதும் மாலையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "நானா எரிச்சேன்? நான் நாள் சம்பளக்காரிண்ணே. மொதலாளிக்குத் தெரிஞ்சா..."

கிளைவ் செருப்பைக் கழற்றினான். டிம்மர் தொடாத ஒப்பனை அறையின் நேர் கரண்டிலிருந்து சாமிக்குத் தனி வயர் இழுத்தான்.

அன்று அந்தி இறங்கியது. ஏழாவது மொடியுல் எரியவில்லை. நாடகம் முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு ஓட, முத்துலிங்கம் மட்டும் கணக்குக் கொப்பியோடு வந்தார்.

"யார் தப்பு?"

"என் தப்புங்க மொதலாளி. ஒரு சொக்கெட்டப் பாக்காம விட்டுட்டேன்."

"அப்ப ஆறுக்கும் நீதான் கட்டணும். மாசம் அஞ்சாயிரம்."

"ரெண்டாயிரம்."

"நாலரை வருசம் இழுக்கப் பாக்குறியா? மூணு. அதுக்குக் கீழ பேசாத."

கிளைவ் கணக்குப் போடுவதுபோல் விரல்களை மடக்கினான். புடவைக் கடைக்காரர் எவரும் பாக்கி வைத்த ஆளை வேலையை விட்டு அனுப்பமாட்டார். அதோடு, தவணை வாங்க மாதம் ஒருமுறை அவர் அவனைத் தேடி அந்த அறைக்குப் படியேறி வந்தாக வேண்டும்.

"சரிங்க," என்றான்.

முத்துலிங்கம் எழுதினார்: மொடியுல் ஆறு. ஒரு லட்சத்து எட்டாயிரம். பொறுப்பு, கிளைவ். மாதம் மூவாயிரம். பாக்கி முப்பத்தாறு மாதம்.