செடிக்கடைக்குக் கீழே ஓடை

அக்கா புருஷன் செடிக்கடை வைத்திருப்பது நூற்றைம்பது வருஷப் பழைய பூங்காவின் மதிலோரம். எந்தக் காலத்திலோ கல் வளைவு கட்டி மண்ணைப் போட்டு மூடிய ஓடையை மறுபடி வெளியே கொண்டுவரப் போகிறார்கள் என்றதும் மச்சான் கடை போய்விடுமோ என்று பயந்தார். ஓடை போகும் வழி எந்த வரைபடத்திலும் சரியாக இல்லை. மச்சானுக்குத் தெரியும். மழைக்காலத்தில் கடைத் தரைக்கு அடியில் சலசலப்பு கேட்கும்.

ஓடையைத் தேடி இரண்டு குழி தோண்டினார்கள். இரண்டும் காய்ந்த மண்.

"இன்னும் ஒண்ணுதான் மாப்ளே. அதுவும் காஞ்சுதுன்னா வேலையை நிறுத்திருவாங்க. கடை தப்பிச்சுது," என்றார் மச்சான் என்னிடம்.

அன்று மத்தியானம், குழி வேலையைப் பார்க்கும் இன்ஜினியரம்மா மண் படிந்த காலோடு கடை நிழலுக்கு ஒதுங்கினார். சும்மா ஒரு செடியைத் தொட்டார்.

"என்னங்க, வாடின மாதிரி இருக்கு? மேற்கு வாசல் கடையில இதைவிடப் பச்சையா இருந்துச்சே."

மச்சானைத் திட்டலாம், அடிக்கலாம். சரக்கைக் குறை சொல்லக் கூடாது.

"வாடினதா? அவன் தினம் மூணு வேளை தண்ணி ஊத்துறான்மா. நான் கோடையிலயே வாரத்துக்கு ஒருக்காதான். தொட்டியைத் தரையில வெச்சாப் போதும், வேர் கீழ எறங்கித் தானா குடிச்சுக்கும். தரையைத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு!"

நான் மச்சான் காலை மிதித்தேன். பதிலுக்கு என் காலை மிதித்துவிட்டு, இன்னும் இரண்டு செடியை எடுத்துக் காட்டினார்.

இன்ஜினியரம்மா குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, சொன்ன விலைக்கே அந்தச் செடியை வாங்கிக்கொண்டு போனார். பேரம் பேசாத ஆளைக் கண்டால் எங்கள் குடும்பத்துக்கே பயம். மச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது குழி கடை இருந்த இடத்தில். ஆள் உயர ஆழத்தில் கல் வளைவு. நாலு கல்லைப் பெயர்த்ததும் வெயில் உள்ளே விழுந்தது. தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

"இருபது வருஷம் செடி வித்த வாய்," என்றாள் அக்கா. "கடைசியில கடையையே வித்துட்டு வந்து நிக்குது."

மச்சான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரே எனக்குக் கைராசின்னுச்சு மாப்ளே. நானும் ஆமான்னு தலையாட்டினேன். வேலை பூரா இது பார்த்திருக்கு."

இன்ஜினியரம்மா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "பூங்காவோட பின்வாசல் பக்கம் உங்களுக்கு இடம் தர்றோம்னு சொல்லியிருக்காங்க."

"அங்க காக்காகூட வராது. ஜனம் நடக்குற எடமா வேணும். இந்த ஓடைக்குப் பாலம் எங்கம்மா போடப்போறீங்க?"

"இன்னும் முடிவாகல."

மச்சான் காலித் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து, துண்டால் துடைத்து, அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப உக்காருங்க. பேசுவோம்."