பெக்கான் மரத்தடி ஓட்டம்

அந்தக் கோடை முழுக்க ரோமெல் பெட்வே ஓடக் கூடாது என்று அவனுடைய ஏஜெண்ட் லென் கிராஸ்மன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரோமெலுக்கோ ஓடுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. டோலீடோ அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் ரன்னிங் பேக் அவன். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மலை மலையாக ஆட்கள் மேலே விழ வரும் இடுக்கில் தலையைக் கொடுத்துப் புகுந்து, அந்தப் பக்கம் முளைத்து ஓடுகிறவன். மூன்று வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகள் அவன் பெயர் போட்ட சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

கல்லூரியை விட்டு வந்ததும் கையெழுத்துப் போட்ட முதல் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அதை முடி, பிறகு பார்க்கலாம் என்றது அணி. அந்தப் 'பிறகு' எப்படி இருக்கும் என்று ரோமெல் கண்ணால் பார்த்திருக்கிறான். இருபத்தெட்டு வயசு தாண்டிய ரன்னிங் பேக்கை எந்த அணியும் சீண்டாது. முட்டி போய்விடும், இல்லை போய்விட்டதாகப் பேசிக்கொள்வார்கள். அதனால், காலே போனாலும் கைக்கு வந்து சேரும்படி உத்தரவாதத்தோடு புது ஒப்பந்தம் கொடுங்கள், அதுவரை பயிற்சி முகாமுக்கு வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்த பிறகுதான் கதவுகள் எல்லாப் பக்கமும் சாத்தியிருப்பது தெரிந்தது. வேறு அணிக்குப் போக முடியாது. முகாமுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அபராதம் ஏறியது. அணியின் மைதானத்துக்கு வெளியே எங்காவது அடிபட்டுக்கொண்டால் இருக்கிற சம்பளத்தையும் கொடுக்கத் தேவையில்லை என்று பழைய ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

"மாடிப்படியில பார்த்து இறங்கு," என்றார் லென் போனில். "கூடைப்பந்தைக் கையால தொடாத. சைக்கிள் வேணாம். நாயை உன் பொண்டாட்டி கூட்டிட்டுப் போகட்டும்."

"மூச்சு விடலாமா லென்?"

"மெதுவா விடு."

டோலீடோவில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அவன் சட்டை ஒன்றை யாரோ பாதி எரித்து அவன் வீட்டுத் தபால் பெட்டியிலேயே தொங்கவிட்டுப் போனார்கள். கடையில் கல்லாவில் இருந்த அம்மாள் பாலையும் ரொட்டியையும் பையில் போட்டுக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர் உங்ககூடப் பேசுறதை விட்டுட்டாருங்க," என்று, அந்த மனுஷன் தினமும் அவனோடு பேசிக்கொண்டிருந்த மாதிரி சொன்னாள். ரோமெலின் மனைவி டமீகா, "இங்க இருந்தா உனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். வா, ஊருக்குப் போவோம்," என்று அலபாமாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கேம்டன் பக்கத்தில் அவனுடைய அத்தை வெர்னெல் வீட்டில் தங்கினார்கள்.

அங்கே யாரும் சட்டையை எரிக்கவில்லை. ஆனால் வாயை மூடவும் இல்லை. முடிவெட்டப் போனால் கத்தி கழுத்தில் இருக்கும்போது, "ஏம்பா, நான் இந்தக் கடையில நிக்கிறதுக்கு எவன் உத்தரவாதம் குடுத்தான்?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் அவன் பெயரைச் சொல்லியே ஜெபம் பண்ணினார். பணம் கிடைக்க வேண்டும் என்றா, பேராசை போக வேண்டும் என்றா என்று ரோமெலுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பெட்வே குடும்பத்து ஒன்றுகூடல். எல்லாரும் ஒரே ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு அத்தை வீட்டுப் பெக்கான் மரங்களின் அடியில் கூடியிருந்தார்கள். அடுப்பில் பன்றி விலா வெந்துகொண்டிருந்தது. கெளுத்தி மீன் எண்ணெயிலிருந்து வரவர ஆட்கள் கையை நீட்டினார்கள். சின்னதுகள், பெரிசுகள், பேரன் எடுத்தவர்கள்கூட செம்மண்ணில் பந்தை உதைத்துக்கொண்டு கத்தினார்கள். ரோமெல் மட்டும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சர்க்கரை போட்ட ஐஸ் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான். எழுந்து தட்டு எடுக்கப் போனால்கூட, "நீ இரு, நீ இரு," என்று யாராவது ஓடி வந்தார்கள். பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்ணைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவனுக்கு எதிரே வந்து நின்றான் கிளீவன். பெரியப்பா மகன், மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், ரோமெலைவிட ஏழெட்டு வயசு மூத்தவன். இப்போது வயிறு முன்னால் வந்திருந்தது. சின்ன வயசில் இந்த மரத்தடியில் நடந்த எந்தப் பந்தயத்திலும் ரோமெல் அவனை ஜெயித்ததில்லை. கிளீவனை ஒருநாள் பிடித்துவிட வேண்டும் என்றுதான் ரோமெல் ஓடப் பழகினான் என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

"தம்பி, ஒரு சந்தேகம்," என்றான் கிளீவன், எல்லார் காதிலும் விழும்படி. "ஓடுறதுக்கு உனக்குச் சம்பளம் பத்தலை, சரி. நாற்காலிக்கு எவ்வளவு தர்றாங்க?"

சிரிப்பு வெடித்தது. ரோமெலும் சிரித்தான்.

"போண்ணே, போய் விலாவைத் தின்னு."

"தின்னுட்டேன்டா. தின்ன வயித்தோடவே உன்னை ஜெயிப்பேன். இந்த மரத்துலேருந்து அந்த சர்ச் வேன் வரைக்கும். உங்க டோலீடோ முதலாளிக்கும் ஒரு சீட்டு எழுதிப் போட்டுடலாம், பையனை ஒரு லாரிக்காரன் தோக்கடிச்சான், விலையைக் குறைச்சுக்கோங்கன்னு."

"கிளீவன், அவனைச் சும்மா விடு," என்றாள் டமீகா. குரலில் சிரிப்பு இல்லை.

ரோமெல் டீயைக் கீழே வைத்தான். ஏன் எழுந்தான் என்று பிற்பாடு அவனிடம் பலர் கேட்டார்கள். கோபமெல்லாம் இல்லை. வாரக்கணக்கில் அந்தக் கால்கள் நடக்க மட்டுமே நடந்திருந்தன. கிளீவன் செருப்பைக் கழற்றி எறிந்ததைப் பார்த்ததும் இவன் கையும் தானாகத் தன் ஷூ கயிற்றுக்குப் போய்விட்டது.

யாரோ துண்டை வீச, ஓடினார்கள். முதல் நாலைந்து எட்டிலேயே கிளீவன் பின்தங்கிவிட்டான். ரோமெலுக்கு அதற்குப் பிறகு யாரும் தேவைப்படவில்லை. காற்று காதில் அடித்தது, செம்மண் பாதத்தைப் பிடித்துப் பிடித்துத் தள்ளியது, கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கூவியது. வேனுக்குக் கை நீட்டுகிற தூரத்தில் இடது தொடையின் பின்பக்கம் ஏதோ பட்டென்று விட்டது.

வேன்மீது கையை ஊன்றி நின்றான். ஓடி வந்தவர்கள் முதுகில் அறைந்தார்கள். கிளீவன் இரைக்க இரைக்க வந்து கட்டிப்பிடித்து, "சரிடா, கேக்குறதைக் குடுக்கச் சொல்றேன்," என்றான். ரோமெல் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, காலை இழுக்காமல், அந்தத் தூரத்தைத் திரும்பி நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். டமீகா அவன் முகத்தைப் பார்த்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்து அவன் தொடைக்கடியில் செருகினாள்.

கிளீவனின் மகள் அந்த ஓட்டத்தைப் போனில் எடுத்து வைத்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் நாடே அதைப் பார்த்துவிட்டது. வெறுங்காலோடு இப்படி ஓடுகிறவனுக்குக் காசு கொடுக்க என்ன கேடு என்று டோலீடோ ஆட்களே எழுதினார்கள். வாரக் கடைசியில் லென் கூப்பிட்டார்.

"குடுத்துட்டாங்க ரோமெல்! நாம கேட்ட உத்தரவாதம், அப்படியே. ஹால்ஸ்டெட் அந்த வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தாராம்." ஹால்ஸ்டெட்தான் அணியின் மேலாளர். "விமானம் ஏறி வா. ஒரு மருத்துவப் பரிசோதனை, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

ரோமெல் கட்டிலில் கவிழ்ந்து படுத்திருந்தான். பின்தொடை முட்டிவரை கறுத்து வீங்கியிருந்தது. செல்மாவில் ஒரு டாக்டரிடம் வேறு பெயரில் காட்டியிருந்தார்கள். தசை பாதி கிழிந்திருக்கிறது, ஆற ஒன்றரை மாதமாவது ஆகும் என்று அவர் சொல்லியிருந்தார்.

"யோசிக்கணும் லென்," என்றான்.

"என்னது?"

"ஒரு வருஷம் கூடப் போட்டுத் தரச் சொல்லுங்க. இல்லேன்னா வரலை."

"உனக்கு என்ன ஆச்சு? நீ கேட்டது எல்லாம்…"

"சொல்லுங்க லென்."

போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். டமீகா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லிடு ரோமெல்."

"சொன்னா ஒண்ணும் கிடையாது. வெளியில பட்ட அடி. பழைய சம்பளத்தையும் நிறுத்திடுவாங்க."

"சொல்லலைன்னா?"

"ஆறுற வரைக்கும் இழுக்கலாம்."

"எதைச் சொல்லி இழுப்ப?"

அதற்கு அவனுக்குப் பதிலாக ஊரே பதில் கண்டுபிடித்துக்கொண்டது. கேட்டதைக் கொடுத்தும் வேண்டாமென்று சொல்லிவிட்டானே, இது தன் ஒருவனுக்காக நடத்துகிற சண்டை இல்லை என்று டிவியில் பேசினார்கள். மற்ற அணிகளின் ரன்னிங் பேக்குகள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். "எங்களுக்காக நிக்கிற, மறக்கமாட்டோம்," என்றார்கள். முடிவெட்டுகிறவர் காசு வாங்க மறுத்தார். வெர்னெல் அத்தை எல்லாரிடமும் பெருமையடித்தாள். ரோமெல் காலைச் சாய்க்காமல் நடக்கப் பழகி, பகல் முழுக்க நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தான். திட்டியபோது வீட்டுக்குள் ஒளிந்துகொள்ள முடிந்தது. பாராட்டு வீட்டுக்குள்ளேயே வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டது.

டெல்ராய் ஸ்பைவி கூப்பிட்ட அன்றுதான் அவனுக்குத் தாங்கவில்லை. டெல்ராய் டோலீடோவில் அவனுக்கு முன்னால் அதே இடத்தில் ஆடியவர். இரண்டு முட்டியும் போய், இப்போது அட்லாண்டாவில் கார் விற்கிறார்.

"தம்பி, நான் உன் வயசுல இருந்தப்ப நீட்டுன இடத்துல கையெழுத்துப் போட்டேன்," என்றார். "இப்ப படி ஏற முடியலை. நீ இறங்கி வராத. எனக்காகவாவது இறங்கி வராத."

"அண்ணே, நான் சண்டை ஒண்ணும் போடலை," என்றான். "எனக்குத் தொடை கிழிஞ்சிருக்கு. அந்த ஓட்டத்துல. அதான் போகலை."

டெல்ராய் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

"லாரிக்காரனோட ஓடியா?"

"ஆமாண்ணே."

"அட மடப்பயலே," என்றார் மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா என் பேரை இனிமே இதுல சேர்த்துக்காத." போன் வைக்கப்பட்டது.

அன்று மதியமே லென்னிடமும் சொல்ல வாயெடுத்தான். பாதியிலேயே அவர் குறுக்கிட்டார். "நிறுத்து. இது என் காதுல விழலை. விழுந்தா நான் அவங்ககிட்ட மறைக்க முடியாது, என் உரிமமே போயிடும். லைன் சரியில்லை, வைக்கிறேன்." கூடுதல் வருஷம் கேட்டதற்கு வெள்ளிக்கிழமைக்குள் வா, இல்லாவிட்டால் பழைய ஒப்பந்தம்தான் என்று அணி பதில் அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

அதற்கு அடுத்த வாரம் டமீகா காரை எடுத்தாள். "நீ வர்றியோ இல்லையோ, நான் டோலீடோவுக்குப் போறேன். இந்த வீட்டுல இன்னொரு ஆள் உன்னைக் கும்பிட்டா நானே சொல்லிடுவேன்." ரோமெல் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான். டென்னசியில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் அவளிடம், "நானே சொல்றேன்," என்றான்.

ஹால்ஸ்டெட் தன் அறையில் மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்று கை குலுக்கினார். மெலிந்த, நரைத்த மனிதர். ரோமெல் உட்காரவில்லை. பெல்ட்டைத் தளர்த்தி, கால்சட்டையை இறக்கி, திரும்பி நின்று தொடையைக் காட்டினான். கறுப்பு மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

ஹால்ஸ்டெட் ரொம்ப நேரம் பார்த்தார். "எப்ப?"

"நீங்க பத்துத் தடவை பார்த்தீங்களே, அந்த ஓட்டத்துல, கடைசி அடி வச்சப்ப."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கே வந்து காட்டியிருந்தா," என்றார், "கொடுத்திருப்பேன் ரோமெல். தசைக் கிழிசல்தானே, ஆறிடும். கொஞ்சம் குறைச்சிருப்பேன், ஆனா கொடுத்திருப்பேன். இப்ப முதலாளி கையை விரிச்சிட்டார். ஆறுற வரைக்கும் சம்பளம் கிடையாது. அப்புறம் பழைய ஒப்பந்தம்."

"சரிங்க."

"எங்களை அவ்வளவுகூட நம்ப முடியலையா உனக்கு?"

ரோமெல் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தான். முகம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் டெல்ராயை அணியிலிருந்து நீக்கிய அன்றும் இதே ஆள் இதே மேஜைக்குப் பின்னால் இதே வருத்தத்தோடுதான் நின்றதாகக் கேள்வி.

வெளியே காரில் டமீகா காத்திருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கேட்டாள்: "நிஜமாவே கொடுத்திருப்பாரா?"

"தெரியலை."

"உனக்கு என்ன தோணுது?"

"காலையில கொடுத்திருப்பார்னு தோணும். சாயங்காலம் மாட்டார்னு தோணும். எது நிஜம்னு இனி யாரும் சொல்லப் போறதில்லை."

மறுநாளிலிருந்து அணியின் சிகிச்சை அறைக்குப் போக ஆரம்பித்தான். உயரமான மேஜைமீது கவிழ்ந்து படுத்து, முகத்தை அதற்கென்றே மேஜையில் வெட்டியிருந்த ஓட்டைக்குள் வைத்துக்கொண்டான். கீழே சிமெண்டுத் தரையும், காலை அமுக்குகிறவரின் ஷூவும் மட்டும் தெரிந்தன. வெளியே மைதானத்தில் கோச் விசில் ஊதினார். அவனுக்காக வகுத்திருந்த ஓட்டங்களை அவன் இடத்துக்கு வந்த புதுப் பையன் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். காலடிச் சத்தத்திலிருந்தே பையன் ஒரு எட்டு சீக்கிரம் திரும்புகிறான் என்று ரோமெலுக்குத் தெரிந்தது.

"வலிக்குதா?" என்றார் அமுக்குகிறவர்.

"இல்ல," என்றான் பழக்கத்தில். பிறகு, "ஆமா, வலிக்குது," என்றான்.

"அப்படியே அசையாம படு. இன்னும் கொஞ்ச நாள் இப்படித்தான்."

ரோமெல் அசையாமல் படுத்திருந்தான்.