காணாமல்போன ஸ்க்ரூ

பதினோரு வருடங்களுக்கு முன் ஏணியிலிருந்து மல்லாக்க விழுந்தேன். அன்றிலிருந்து என் கால்கள் இரண்டும் இரண்டு விதம். வலதுகால் ஓயாமல் வலிக்கும். இடதுகால் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போய் வாயே திறக்காது. வலிக்கிற காலோடு எனக்குச் சண்டையில்லை. குளிர்ந்தால் கத்தும், மாத்திரை போட்டால் முணுமுணுக்கும், பழகிவிட்டது. அந்தப் பேசாத காலைத்தான் நம்ப முடியாது. தெரியாமல் வந்த ஒரு புண்ணால் சுண்டுவிரலை எடுத்தார்கள். "இன்னொரு புண்ணைக் கவனிக்காம விட்டா விரலோட நிக்காது," என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அதனால் தினமும் மாலையில் என் மனைவி அந்தக் காலை மடியில் வைத்து, டார்ச் அடித்து, விரலிடுக்கு ஒன்று விடாமல் பார்ப்பாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. விடைத்தாள் திருத்துகிற அதே முகம்.

போன வாரம் வீட்டுக்கு வந்த தன் தம்பியிடம், "இவருக்குத் தன் காலையே பாத்துக்கத் தெரியாதுடா," என்று சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"இனிமே என் கால நானே பாத்துக்கறேன்," என்றேன்.

"தாராளமா பாத்துக்கோங்க."

இரண்டு நாள் பேச்சில்லை. தரையில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதுகு வளைந்தால்தானே? தெரிந்ததெல்லாம் நாற்காலியின் அடிப்பக்கம்தான். ஆனாலும் வீறாப்பு விடவில்லை.

மூன்றாம் நாள் நான் மிக்ஸி பழுதுபார்க்கும் கடையில் ஒரு கூரான ஸ்க்ரூ காணவில்லை. மதியம் கழற்றிவைத்த ஷூவை மாட்டிக்கொண்டு கடையையே புரட்டிப் போட்டேன். பக்கத்து மேசை ரேடியோக்காரரை வாய்க்கு வந்தபடி பேசினேன். பாவம், சட்டைப்பையை உதறிக் காட்டினார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"அப்படியே இருங்க!" மனைவியின் குரல் நடுங்கியது. வாசலிலிருந்து நாற்காலிவரை தரையில் சிவப்புத் தடம். உண்மையிலேயே பயந்துபோனேன். அவள் கேட்பதற்கு முன்பே காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன்.

சாக்ஸோடு சேர்ந்து பாதத்தில் குத்தியிருந்ததை அவள் பிடுங்கினாள். "ஸ்ஸ்!" என்று கத்தியதும் அவள்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்னங்க இது?"

"அது... மத்தியானத்துலேருந்து நான் தேடிக்கிட்டிருந்த ஸ்க்ரூ."

முறைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணிலும் தண்ணீர்.

"இனிமே யாரு பாக்கறது?"

"நீயே பாரு தாயே."

உடனே டாக்டரிடம் ஓடினோம். "நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க. காலுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார். அவர் காயத்தைத் துடைக்கத் துடைக்க, நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தேன். பக்கத்தில் என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"ஆமா டாக்டர்," என்றாள் அவள். "கொஞ்சம் மெதுவா துடைங்க."